ஸ்பைக் போட்டா அதிர்வு நிக்குமா? வெங்காயம்!

ஹோம் தியேட்டர் ஆசாமிகள் யார்கிட்டயாவது கேட்டுப் பாருங்க மக்களே. "என் சப்வூஃபர் 20 கிலோ, தரையே அதிருது, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, என்ன பண்றது?" ரெடிமேடா பதில் வரும். "ஸ்பைக் போடுங்க பாஸ். அடியில ஒரு கிரானைட் பலகை. பேஸ் சும்மா டைட்டா நிக்கும்." கடைக்காரரும் இதே பாட்டைத்தான் பாடுவார், ஸ்பைக் விக்கிறதே அவர்தானே!

சுத்தப் பேத்தல். ஸ்பைக்ங்கறது கூரான இரும்புக் கால். கார்பெட்டைக் குத்தித் துளைச்சு, கீழே இருக்கற கெட்டித் தரையில பெட்டி ஆடாம நிக்கத்தான் அது. அதாவது பெட்டியையும் தரையையும் இறுக்கிச் சேர்க்கிற வேலை. நமக்கு வேண்டியதோ பிரிக்கிற வேலை. சில பேர் இன்னும் ஒரு படி மேலே போய், "அது மெக்கானிக்கல் டயோட் சார், அதிர்வு கீழே போகும், மேலே திரும்பாது"ம்பாங்க. அப்படி ஒரு டயோட் கிடையாது. இருக்குன்னே வச்சுக்குவோம், கீழே போற அதிர்வு யார் தலையில இறங்கும் ஐயா?

கிரானைட்டும் அப்படித்தான். டைல்ஸ் மேல நேரா வச்சா கல்லு மேல கல்லு, அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்கு. 150 கிராம் எடையுள்ள கோன், 30 ஹெர்ட்ஸ்ல முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் போய் வந்தா, பெட்டி மேல எதிர்விசை கிட்டத்தட்ட 27 நியூட்டன். ரெண்டே முக்கால் கிலோ எடையால நொடிக்கு 30 தடவை தட்டுற மாதிரி. இதை நிறுத்த ஒரே வழி, பெட்டியை ஸ்பிரிங் மாதிரி மெத்துன்னு ஒண்ணு மேல உட்கார வைக்கிறது. "ஐயையோ, பெட்டி ஆடினா பேஸ் கெட்டுடுமே?" கெடாது. 20 கிலோ பெட்டி அந்த விசைக்கு 0.04 மில்லிமீட்டர்கூட நகராது. கோன் நகர்றதுல நூத்துல ஒரு பங்குக்கும் குறைவு.

எவ்வளவு மெத்துன்னு? பெட்டி எடையில அந்த ரப்பரோ ஃபோமோ எத்தனை மில்லிமீட்டர் அமுங்குதுன்னு பாருங்க. அதோட வர்க்கமூலத்தால 16-ஐ வகுத்தா இயல்பு அதிர்வெண் தோராயமா வந்துடும். 4 மி.மீ. அமுங்கினா 8 ஹெர்ட்ஸ். அப்போ 24 ஹெர்ட்ஸ் பேஸ்ல எட்டுல ஒரு பங்கு விசைதான் தரைக்குப் போகும். அதுவே கெட்டி ரப்பர் வில்லையை வச்சு, அது 0.2 மி.மீ. மட்டும் அமுங்கினா? இயல்பு அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ். சப்வூஃபர் வேலை செய்யற இடமே அதுதான்! அதிர்வு குறையாது, கூடும். காசு கொடுத்துச் சூனியம்னா இதுதான். ரப்பர் அதிரும்போது இன்னும் விறைப்பாகும், அதனால 6, 7 மி.மீ. அமுங்கற மாதிரி பாருங்க. காத்து குறைவா அடிச்ச பழைய ஸ்கூட்டர் டியூப், மேல ஒரு கனமான பிளைவுட் போதும். அந்தக் கிரானைட் பலகை இருந்தா டியூபுக்கு மேல போடுங்க. எடை கூடினா நல்லதுதான், இப்பவாவது அது உதவட்டும்.

இதுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு கேக்கலாம். எங்க குடியிருப்புல ரெண்டு வீட்டுக்காரங்க இதனாலேயே பேச்சை நிறுத்திட்டாங்க. மேல் வீட்டு நண்பர் மோசமானவர் இல்லை. சொந்தக் காசுல ஸ்பைக் வாங்கிப் போட்டவர். "நான் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, அந்தம்மா வேணும்னே புகார் சொல்றாங்க"ன்னு மனசார நம்பறார். அந்தம்மாவோ காலையில 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பணும். ராத்திரி ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. தப்பான யோசனை ஒரு நல்ல மனுஷனைச் செவிடாக்கி, இன்னொருத்தரைப் பொய்க்காரியாக்கி வச்சிருக்கு.

போதாக்குறைக்கு அவர் போன்ல டெசிபல் மீட்டர் வேற காட்டறார். "பாருங்க, 41 தான், சட்டப்படி ஓகே." இந்தியாவோட 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை எல்லை 45 டெசிபல், வாஸ்தவம். ஆனா அது 'ஏ' அளவுகோல். அந்த அளவுகோல் 31.5 ஹெர்ட்ஸ்ல 39 டெசிபலைக் கழிச்சுட்டுத்தான் காட்டும். 80 டெசிபல் பேஸ் அதுல 41-ஆத்தான் தெரியும். மீட்டர் பொய் சொல்லலை. கண்ணாடியை ஆட்டுற சத்தத்தை அளக்க அது செஞ்சதில்லை.

இன்னொண்ணு. டியூப் போட்டாலும் கால் வழியா போற அதிர்வுதான் குறையும். காத்து வழியா போய் கூரையைத் தட்டுற பேஸ் அப்படியே இருக்கும். முட்டை அட்டை ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. 30 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 11 மீட்டருக்கு மேல. 5 சென்டிமீட்டர் அட்டை அதை என்ன செய்யும்? 10 மணிக்கு மேல சப்வூஃபர் லெவலை இறக்குங்க, நைட் மோட் இருந்தா போடுங்க. வேற மந்திரம் இல்லை.

எல்லாம் செஞ்ச பிறகு படத்தை ஓடவிட்டு, கீழ் வீட்டு மணியை அடிச்சு, "ஒரு நிமிஷம் உள்ள வந்து கேட்டுப் பார்க்கலாமாம்மா?"ன்னு கேளுங்க. சோபாவுல உட்கார்ந்துக்கிட்டு தீர்ப்புச் சொல்லாதீங்க.

பி.கு: "எங்க வீட்டுல ஸ்பைக் போட்டதும் வித்தியாசம் தெரிஞ்சது"ன்னு சொல்ல வர்ற அண்ணாச்சிகளுக்கு: உங்க வீட்டுல சரி. கீழ் வீட்டுல கேட்டீங்களா?