அரைப் பேரும் ஆராய்ச்சியும்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், கொள்ளுப்பிட்டிச் சந்தைக்கு அண்மையிலுள்ள தேநீர்க் கடையொன்றில் என் பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். வெள்ளவத்தையிற் பிறந்து வளர்ந்தவர். தொழிலும் நிறுவனங்களும் பற்றிய சமூகவியலிற் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்து வருகிறார். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வேலை ஒழுங்கே அவருடைய ஆய்வுப் பொருள். எழுதி முடித்த ஓர் அதிகாரத்தை என் கையிலே தந்து, "ஐயா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். ஆங்கிலத்தில் அமைந்த அவ்வதிகாரத்திற் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பேச்சினிடையே 'அரைப் பேர்' என்ற சொல் வந்தது. தோட்டத்தின் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், ஒருவருக்கு ஒரு நாள் வேலை பதியப்படுவதைப் 'பேர் போடுதல்' என்பர். மாணவர் அரைப் பேர் என்பதை 'அரைநாள் வேலைக்குரிய கூலி' என ஆங்கிலப்படுத்தியிருந்தார். அதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த இளைஞன் சற்றே தயங்கி நின்றான். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்தவன்.

"அரைநாள் வேலைக்கு இல்லீங்க ஐயா. நாள் முழுக்க மலையில நின்னாலும் கிலோ கொறஞ்சா அரைப் பேருதான். எங்க அம்மாவுக்கு எத்தனையோ நாள் அப்படிப் போட்டிருக்காங்க" என்றான்.

நாங்கள் இருவரும் வாயடைத்துப் போனோம். மாணவர் மறுபேச்சின்றிக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதனை எழுதிக்கொண்டார். அவருடைய நேர்மை எனக்கு மகிழ்ச்சி தந்தது. எனினும் ஒரு கேள்வி அன்று முதல் என்னை விட்டபாடில்லை. அந்த இளைஞன் அவ்வேளையில் அங்கு வந்திராவிட்டால் அப்பிழையைத் திருத்தியிருப்பவர் யார்? பரீட்சகர்களா? அவர்களும் என்னைப் போலவே அதனைப் படித்து, நன்றென்று சொல்லியிருப்பார்கள்.

இது சொல்லொன்றைப் பெயர்ப்பதில் நேர்ந்த சிறு வழு என்று தள்ளிவிடுதற்கில்லை. அரைநாள் வேலைக்கு அரைக் கூலி என்பது கணக்கு. முழுநாளும் மலையில் நின்றவருக்கு அரைப் பேர் என்பது அதிகாரம். பேரேட்டை எழுதுபவர் யார், தராசைப் பிடிப்பவர் யார் என்ற கேள்விகள் அச்சொல்லுக்குள்ளே இருக்கின்றன. பிழையான பெயர்ப்பில் அவை மறைந்துவிடுகின்றன.

நவீன கந்தோர் ஆட்சி எழுத்து மூலமான ஆவணங்களின்மீது நிற்கிறது என்பது ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபரின் கருத்து. சமூகவியல் பயிலும் மாணவர் இதை முதலாண்டிலேயே படிக்கின்றனர். எங்கள் மலையகத்தார் இவ்வுண்மையைத் தம் வாழ்விலே கண்டவர்கள். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக விரும்பிய தொழிலாளியின் கடனைக் குறித்த கடதாசியைத் 'துண்டு' என்றனர். அக்கடனை யாரேனும் தீர்த்தாலன்றி அவர் நகர முடியாது. 1921இற் சட்டம் அம்முறையை ஒழித்தது. தன் கூட்டத்திலிருந்து வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணி காசு பெற்ற காலமும் இருந்தது. துண்டு, பேர், பெரட்டு, கங்காணி என்னும் சொற்களை வரிசைப்படுத்தி விளங்கிக்கொண்டால், ஒரு நிறுவனத்தின் வரலாறே கண்முன் தோன்றும்.

தொழிலாளரின் சொல்லுக்குச் செவிகொடுத்தே இத்துறை மேல்நாட்டில் வளம் பெற்றது. சிக்காகோ சர்வகலாசாலையின் ஆராய்ச்சி மாணவராகிய டொனால்ட் ரோய், 1944, 45ஆம் ஆண்டுகளில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தாமே தொழிலாளியாக நின்றார். முப்பதாண்டுகளின் பின் அதே சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கல் புறவோய் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். அது ரோய் வேலை செய்த அதே தொழிற்சாலை என்பதைப் பின்னரே அறிந்தார். 1979இல் வெளிவந்த அவர் நூல் இன்றும் எங்கும் படிக்கப்படுகிறது. வேலைத் தலத்திற் புழங்கும் பேச்சிலிருந்தே இருவரும் தம் கருத்துக்களைக் கட்டி எழுப்பினர்.

எங்கள் நாட்டிலும் நல்ல ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. குமாரி ஜயவர்த்தனா 1964இல் லண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய அவருடைய நூல் 1972இல் வெளிவந்தது. தோட்டப் பெண்களின் உழைப்பைப் பற்றி மைத்திரி ஜெகதீசன் 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. எழுதியோர்மீது குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் மலையக வாழ்வைத் தம் கண்ணாலே கண்ட சி. வி. வேலுப்பிள்ளையும் 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் பொருள்படும் நூலை 1970இல் ஆங்கிலத்திலேயே வெளியிட நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

ஆங்கிலம் உலக மொழி. தமிழில் எழுதினால் யார் படிப்பார் என்று கேட்பாருமுளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பட்டத்துக்கும் உலக அறிஞரின் மதிப்பீட்டுக்கும் ஆங்கிலம் வேண்டியதே. ஆனால் யாருடைய உழைப்பை ஆராய்கிறோமோ, அவர் படித்து "இது பிழை" என்று சொல்ல வழியில்லாத ஆய்வு பாதிப் பரீட்சையே எழுதியது. அதற்கு நாம் போடவேண்டியதும் அரைப் பேரே.

ஆகவே ஒன்றை வற்புறுத்துகிறேன். தமிழ் பேசும் மக்களின் தொழிலை ஆராயும் ஒவ்வொருவரும் தம் ஆய்வின் சாரத்தை இருபது முப்பது பக்கத் தமிழில் எழுதட்டும். தொழிலாளரின் சொற்களுக்கு ஓர் அகராதியும் சேர்க்கட்டும். பட்டம் பெறுமுன் அதனைத் தோட்டத்திலோ கடையிலோ ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். உயர்தர வகுப்பு ஆசிரியர்களும் இலக்கிய வட்டத்தினரும் இதற்குத் துணைநிற்கலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; கேட்கும் மனம் போதும்.

அன்று புறப்படுமுன் மாணவர் அவ்விளைஞனிடம், "தம்பி, உங்களோடு ஆறுதலாகப் பேச எப்போது வரலாம்?" என்று கேட்டார்.

"ராத்திரி பத்து மணிக்கு மேலதாங்க ஐயா. காலையில அஞ்சுக்கு எழும்பணும்" என்றான் அவன்.

அந்த விடையையும் எழுதிக்கொள்ளும்படி மாணவருக்குச் சொன்னேன்.