இரண்டு நிமிடத்தில் நின்றுபோகும் படகு மோட்டார்

கேள்வி: "அடையாற்றுக் கரையில் கீரையும் கொஞ்சம் காய்கறியும் போடுகிறோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்றையும், டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரையும் வாங்கி வைத்தோம். போன மழைக்காலத்தில் நன்றாக ஓடியது. இப்போது ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"
- வாசகர், முடிச்சூர்.

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மோட்டார் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் சீராக ஓடி, பிறகு நிற்கிறது என்றால், கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு புதுப் பெட்ரோல் வந்து சேரவில்லை. அநேகமாகப் பழுது, டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் மடையிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுபோல, டேங்கிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மோட்டாரைத் தரையில் வைத்து வெறுமனே ஓட்டக்கூடாது. அதைக் குளிர வைப்பது வெளித்தண்ணீர். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் இறக்கை சீக்கிரமே கருகிவிடும். பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் இழுக்கும் துவாரங்கள் நன்றாக மூழ்கும்படி மோட்டாரை மாட்டி ஓட்டுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.

டேங்க் மூடி: மூடியின் மேல் சிறிய காற்றுத் திருகு இருக்கும். அது மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது, பெட்ரோல் இறங்காது. பல மோட்டார்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மெக்கானிக்கிடம் போகின்றன. ஓட்டும்போது திருகு திறந்திருக்க வேண்டும்.

ஓஸும் ரப்பர் பல்பும்: பல்பின் மேல் உள்ள அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். அமுக்கினால் சில தடவையில் கல் போல இறுக வேண்டும். இறுகவே இல்லை என்றால், ஓஸில் விரிசல் விழுந்தோ இணைப்பு தளர்ந்தோ காற்று புகுகிறது. அல்லது பல்பின் உள் வால்வு போய்விட்டது. ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிக்கொண்டால், காற்றுத் திருகோ டேங்கின் அடியிலுள்ள வடிகட்டியோ அடைத்திருக்கிறது.

பெட்ரோல் பம்ப்: மோட்டார் நிற்கப்போகும் நேரத்தில் பல்பை அமுக்கிப் பாருங்கள். உடனே பிடித்து ஓடினால், மேலே சொன்ன இரண்டும் சரியாக இருக்கும் பட்சத்தில், பம்புக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடு கிழிந்திருக்கலாம் அல்லது விறைத்திருக்கலாம். அந்தத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும்.

தண்ணீர்: டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காகத் தெரிந்தால் அது தண்ணீர். மொத்தத்தையும் வடித்துவிட்டு, டேங்கைக் காயவைத்துப் புதிதாக ஊற்றுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும். அந்த அடுக்கில் ஆயில் இருக்காது. அது மோட்டாருக்குள் போனால் பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும். பழைய ரப்பர் ஓஸையும் எத்தனால் சீக்கிரம் கெடுக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறது என்றால், அப்போது கார்புரேட்டரைத் திறக்கலாம். போன வருடத்துப் பெட்ரோல் வற்றி, பிசின் போல ஜெட்டை அடைத்திருக்கும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினால் போதும். அதற்கும் சரியாகவில்லை என்றால் கோவளம், காசிமேடு பக்கம் மீனவர்களின் மோட்டார்களைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடற்கரையில் பல மோட்டார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும். அதைப் பார்த்துவிட்டு பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அவை அதற்கென்றே அமைக்கப்பட்டவை. டூ-ஸ்ட்ரோக் ஆயில் அளவு மோட்டார் புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி.

இனி இந்தப் பழுது வராமலிருக்க: மழைக்காலம் முடிந்து படகை ஏற்றி வைக்கும்போது, டிரம் தண்ணீரில் மோட்டாரை ஓடவிட்டு ஓஸைக் கழற்றிவிடுங்கள். மிச்சப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கட்டும். கார்புரேட்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து வடித்துவிட்டு, டேங்கையும் காலி செய்யுங்கள். ஆயில் கலந்த பழைய பெட்ரோலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள். மழைக்காலத்துக்குப் பெட்ரோல் வாங்கி வைப்பதானால் ஆயிலைக் கலக்காமல் தனியே வையுங்கள். கலக்காத பெட்ரோலை மாதம் ஒரு முறை யாராவது தன் டூவீலருக்கு ஊற்றிக்கொண்டு, புதியதை வாங்கி வைத்துவிடலாம். கைத்தெளிப்பானுக்குப் பதில் பெட்ரோல் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கும், சிறிய பெட்ரோல் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் அடையாறு புகுந்தது. கடலோர மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து ஜனங்களை மீட்டார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தப் படகும் வாங்கப்பட்டிருக்கும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு நடு வெள்ளத்தில் மோட்டார் நின்றால், படகு இழுப்பின் போக்கில்தான் போகும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் மோட்டாரை டிரம்மில் மாட்டி, முழுதாக அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடிய பிறகும் துடுப்பு இரண்டும் படகிலேயே இருக்கட்டும்.