ஆவணி விடுமுறையில் ஒரு பனம்பாத்தி



இரண்டாம் தவணை முடிந்து பாடசாலை மூடும் காலத்தில் தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் அம்மாமாருக்கு வருகிற கவலை ஒன்று உண்டு. "நான் விடிய வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவன். பொம்பிளைப் பிள்ளையை நாள் முழுக்க வீட்டில தனிய விடுறதெப்படி?" என்பதே அது. பதில் தெரியாததால் பல பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். அல்லது தம்பி தங்கையைப் பார்ப்பதும் சமைப்பதுமாகவே அவர்களுடைய விடுமுறை போய்விடுகிறது.

ஒரு ஒழுங்கையில் இருக்கிற எட்டுப் பத்துப் பெண் பிள்ளைகளை ஒன்று சேர்த்து, இரண்டு அம்மாமார் முறைவைத்துக் கூட இருந்து, காலை நேரத்தில் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்விக்கலாம். இது புதிய யோசனையல்ல. பெண் சாரணியம் நமது நாட்டில் 1917இல் கண்டியில் தொடங்கியது. உங்கள் பாடசாலையில் சாரணியர் குழு இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் குறையில்லை. சனசமூக நிலையமோ மாதர் சங்கக் கட்டடமோ கூடும் இடமாகப் போதும்.

ஆனால் என்ன வேலை என்பதில் கவனம் வேண்டும். பிள்ளைகளைத் தும்புத்தடியோடு வீதியில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போகும் சிரமதானங்களை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம். அடுத்த கிழமை அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். போருக்குப் பின் நமது பிள்ளைகள் கொப்பி, பை, சப்பாத்து என்று வரிசையில் நின்று வாங்கி, வாங்கும்போது சிரிக்கவும் பழகிவிட்டார்கள். அவர்கள் கொடுப்பவர்களாக நிற்கும் வேலை ஒன்று வேண்டும். வடக்கில் உள்ளவர்களுக்கு அப்படி ஒன்று காலடியிலேயே கிடக்கிறது.

பனம்பழம் விழும் காலமும் ஆவணி விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. யுத்த காலத்தில் பதுங்கு குழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் கொஞ்சமல்ல. எறிகணையில் தலை போனவையும் உண்டு. பனை தானாகப் பெருகட்டும் என்று விட்டால் காணி துப்புரவாக்குகிற இயந்திரமும் குப்பைக்கு வைக்கிற தீயும் வடலிகளை விட்டு வைப்பதில்லை. ஆகவே விதை பொறுக்கி ஊன்றுவது உண்மையாகவே தேவையான வேலை. விடுமுறை குறுகிய ஆண்டிலும் ஐந்தாறு காலைப்பொழுது போதும்.

முதலில் இடம். தோட்டமும் குடிமனையுமாக ஆட்கள் நாளாந்தம் நடமாடும் வளவுகளில் மட்டும் பொறுக்குங்கள். போர் 2009இல் முடிந்தது. முகமாலை போன்ற பகுதிகளில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகளாக மிதிவெடி அகற்றினார்கள். சிவப்புப் பலகையும் மண்டையோட்டு அடையாளமும் இருக்கும் பக்கம் போகவே கூடாது. பலகை இல்லாத பற்றைக் காணிக்குள்ளும் "அங்கதான் கனக்கக் கிடக்கு" என்று பிள்ளைகள் ஓட விடாதீர்கள். புதிதாய் ஏதும் இரும்புப் பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்ல வேண்டும். இதை முதல் நாளே பிள்ளைகளின் வாயாலேயே இரண்டு முறை சொல்லுவியுங்கள்.

ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை இருக்கும். களியைப் பிசைந்து எடுத்தால் அன்று பின்னேரம் பனங்காய்ப் பணியாரம். (இந்த வேலைக்குப் பிள்ளைகள் ஒருநாளும் பிந்தி வரமாட்டார்கள்.) விதைகளை இரண்டாகப் பங்கிடுங்கள்.

ஒரு பங்கு ஊன்றுவதற்கு. முளைத்த பனையை இடம் மாற்றினால் பிழைப்பது அரிது. ஆகவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதையை வைக்க வேண்டும். ஒன்றுக்கொன்று பத்தடி அளவு தூரம் விட்டு, குளக்கட்டின் வெளிப்பக்கம், வாய்க்கால் ஓரம், காணி எல்லை என்று வையுங்கள். பொது இடமென்றால் பிரதேச சபையிடமும், குளக்கட்டென்றால் அதற்குப் பொறுப்பானவர்களிடமும், தனியார் காணியென்றால் சொந்தக்காரரிடமும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கேட்கப் போகும்போது பிள்ளைகளையே கதைக்க விடுங்கள். கந்தோரில் நின்று ஒரு விடயத்தை எடுத்துச் சொல்லப் பழகுவதும் ஒரு படிப்புத்தான்.

மற்றப் பங்கு கிழங்குக்கு. வெள்ளம் நில்லாத இடத்தில் மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே மண் தூவி விடுங்கள். முளை கீழ்நோக்கி இறங்கும். அதனால்தான் மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். மார்கழி விடுமுறையிலோ தைப்பொங்கலை ஒட்டியோ கிண்டலாம். ஒரு விடுமுறையில் தொடங்கியதை மறு விடுமுறையில் கையில் எடுப்பதே இந்த வேலையின் சிறப்பு. ஊன்றிய பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடங்களுக்கு மேல் செல்லும். ஆணா பெண்ணா என்பதே பூக்கும்போதுதான் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அதை நம்பி மட்டும் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

யார் யாரைச் சேர்ப்பது என்பதே மிக முக்கியம். பாடசாலை விடுமுறை என்பதால் பாடசாலைப் பிள்ளைகள் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். இடையில் படிப்பை விட்ட பிள்ளையை முதலில் கூப்பிடுங்கள். அவளுக்கு எந்த விடுமுறையும் இல்லை, எந்தக் கூட்டமும் இல்லை. தம்பியைப் பார்க்க வேண்டிய பிள்ளை தம்பியையும் கூட்டிக்கொண்டு வரட்டும். கால் இயலாத பிள்ளைக்கு "பாவம், நீ இரு" என்று சொல்லாமல் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள். எத்தனை விதை, எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதுவது சின்ன வேலையல்ல. அடுத்த ஆண்டு எத்தனை முளைத்தது என்று அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடியுங்கள். குடிதண்ணீரும் மலசலகூடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். மாதவிலக்கு நாளில் பிள்ளை வராவிட்டால் காரணம் கேட்டுத் துருவ வேண்டாம். வந்தால் விலக்கி வைக்கவும் வேண்டாம். வெளியாட்கள் கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் போட விடாதீர்கள். பிள்ளைகளை ஒரு ஆண் உதவியாளரோடு மட்டும் தனியே அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவர் என்றாலும். யாராவது தொந்தரவு தந்ததாகப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைக் கணக்குப் புத்தகத்தின் முன் அட்டையில் எழுதி வையுங்கள்.

கிழங்கு விற்ற காசைப் பற்றிப் பெரியவர்கள் முடிவெடுக்க வேண்டாம். அடுத்த தவணைக்குக் கொப்பி வாங்குவதா, முன்பள்ளிக்குப் பாய் வாங்குவதா, தங்களுக்குள் பிரிப்பதா என்று பிள்ளைகளே கதைத்துத் தீர்மானிக்கட்டும். பிரிக்க விரும்பினால் அதுவும் சரியே. உழைத்த பிள்ளை தன் பங்கைக் கேட்பதில் வெட்கமில்லை.

பாத்தி கிண்டும் நாளில் அயலில் தனித்திருக்கும் வயதான அம்மாமாரை மறவாமல் அழையுங்கள். பிள்ளையைத் தேடித் தேடிக் களைத்துப்போனவர்கள் அவர்களுக்குள் இருப்பார்கள். அதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கட்டும். உதவி கொடுக்க அல்ல, கற்றுக்கொள்ளக் கூப்பிடுகிறோம். பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கலாம். ஒடியல் மாவின் கசப்புப் போக எத்தனை தரம் தண்ணீர் மாற்ற வேண்டும், கூழுக்கு எதை எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். பெரிய பானை ஒன்றும் பிலாவிலையும் எடுத்து வையுங்கள்.