மங்கு போகட்டும், நிறம் இருக்கட்டும்

கன்னத்தில் மங்கு விழுந்த பெண் ஒருத்தி நியாசினமைடு சீரம் வாங்கிப் போட்டால் அது வெளுப்பு மோகமா? ஆமாம் என்று சொல்லி, பார்ப்பனிய மனநிலை, சுயவெறுப்பு என்றெல்லாம் வகுப்பெடுக்கிறார்கள் நம் தோழர்களில் சிலர். பெரும்பாலும் ஆண் தோழர்கள். பெரணமல்லூர் சுற்றுவட்டாரக் காலனிகளில் பெண்களோடு வேலை செய்யும் எங்களுக்கு இதில் உடன்பாடில்லை.

மங்கு வேறு, நிறம் வேறு. பிறந்த நிறத்தில் எந்தக் குறையும் இல்லை; அதை மாற்ற எந்த மருந்தும் தேவையில்லை. மங்கு என்பது வெயில், கர்ப்பகால ஹார்மோன் மாற்றம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் சேர்ந்து கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாகப் படரும் கருமை. இவற்றில் வெயில்தான் நம் பெண்களை விடுவதே இல்லை. ஆரணிப் பட்டு நெய்யும் இந்தப் பக்கத்தில் தறி வீட்டுக்குள் இருக்கிறது. (தறிக்காரர்களுக்குக் கண்ணும் முதுகும் போகிற கதை தனி.) நாற்று நடுவதும், களையெடுப்பதும், மல்லாட்டை பிடுங்குவதும், ஏரி வேலையும் கூரையில்லாத இடத்தில் நடப்பவை. யாருக்கு நிழல், யாருக்கு வெயில் என்பதைப் பெருமளவு சாதியும் நிலமும்தான் தீர்மானிக்கின்றன. நாற்பது வயது அக்காவின் கன்னத்தில் இருக்கும் திட்டு அந்தப் பங்கீட்டின் தடயம். அதைப் போக்கிக்கொள்ளக் கூடாது என்று அவரிடம் சொல்ல நாம் யார்?

நியாசினமைடு ஒன்றும் மந்திரப் பொருள் அல்ல. பி3 வைட்டமினின் ஒரு வடிவம். மல்லாட்டையில் நிறைய இருக்கும் நியாசினுக்கு நெருங்கிய உறவு. உடம்பில் இந்தச் சத்து குறைந்தால் பெலாக்ரா என்ற நோய் வரும். வெயில் படும் கழுத்திலும் கைகளிலும் தோல் கறுத்து, தடித்து, உரியும். தக்காணத்தில் சோளத்தையே முதன்மையாகத் தின்று உழைத்த ஏழைகளிடம் இருந்த இந்த நோயை ஐதராபாத் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960-ல் எழுதினார்கள். உழைப்பவர் தட்டில் பற்றாக்குறையாக இருந்த அதே வைட்டமின், 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி ட்யூபுக்குள் சிவப்பழகு தரும் சரக்காகப் போய் உட்கார்ந்தது. வெளுத்தால்தான் வேலை, வெளுத்தால்தான் மாப்பிள்ளை என்று விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தன. இங்கே எத்தனையோ பேர் எதிர்த்தும் மாறாத அந்தப் பெயர், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, 2020-ல், க்ளோ அண்ட் லவ்லி ஆனது.

அதற்காக, கறுப்பு என்றால் தலித், சிவப்பு என்றால் மேல்சாதி என்ற கணக்கை நாமும் ஏற்கலாமா? ‘கறுத்த பார்ப்பானையும் சிவந்த பறையனையும் நம்பாதே’ என்று பழமொழி கட்டியவர்களின் கணக்கு அது. 1948-ல் வெளிவந்த ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், மூக்கு அளவீட்டுத் தரவுகளைக் கொண்டே பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்று காட்டினார் அம்பேத்கர். சாதி தோலில் இல்லை. எத்தனை ட்யூப் தேய்த்தாலும் அது வெளுக்கப் போவதும் இல்லை.

எங்களுக்குப் பயம் வேறு இடத்தில். மெடிக்கல் ஷாப்பில் “முகத்துல மங்கு” என்றதும் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துத் தரப்படும் ட்யூப் இருக்கிறதே, அது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு, மூன்றும் கலந்தது. இந்தக் கலவையின் மூல வடிவத்தை 1975-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்கர்களான கிளிக்மனும் வில்லிஸும். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கைதிகள் மீது, அதிலும் பெரும்பாலும் கறுப்பினக் கைதிகள் மீது, சோதனைகள் நடத்தியவர் அதே கிளிக்மன்தான்.

தோல் மருத்துவர் பார்த்து, சில வாரங்களுக்கு மட்டும் தந்தால் இது மருந்து. மாதக்கணக்கில் தானாகப் போட்டால்? முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலியும், சிவக்கும், பரு வெடிக்கும், முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, அதனால் மறுபடி பூசுவார்கள். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோல் நீலக்கறுப்பாகவே மாறலாம். 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது.

முகவரியில்லாத டப்பா க்ரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புறத்தில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஒரு குறிப்பிட்ட அரிய வகை இருந்தது. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல்.

நியாசினமைடு இந்தப் பட்டியலில் சேராது. அது நிறமியை அழிப்பதில்லை. நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதைக் குறைக்கிறது. 2011-ல் வெளியான ஒரு மெக்சிகோ ஆய்வில் 27 பேருக்கு முகத்தின் ஒரு பக்கம் 4 சதவீத ஹைட்ரோகுவினோனும், மறு பக்கம் 4 சதவீத நியாசினமைடும் எட்டு வாரம் பூசினார்கள். நல்ல பலன் முதலாவதில் 55 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 44 சதவீதம் பேருக்கு. எரிச்சல் போன்ற தொல்லை நியாசினமைடில் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் நம்பத்தக்க திசையைக் காட்டுகிறது. வாங்குகிறவர்கள் நான்கைந்து சதவீதமே போதும் என்று வாங்குங்கள். முழங்கையின் உட்புறம் இரண்டு நாள் பூசிப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். ட்யூபில் ஆர்எக்ஸ் குறி இருந்தாலோ, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தாலோ கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வெயிலை மறைக்காமல் எதைப் பூசினாலும் மங்கு திரும்பி வரும். சன்ஸ்கிரீன் வாங்கு என்று கூலிக்காரப் பெண்ணிடம் சொல்வது சுலபம். வியர்வையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச ஒரு மாதத்துக்கு எத்தனை ட்யூப் ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். அகலமான தொப்பி, முக்காடாகப் போட்ட துண்டு, உச்சிவெயிலுக்கு முன் முடியும் வேலை, இவை அவருக்கு எட்டும். பணித்தளத்தில் குடிநீரும், ஓய்வு நேரத்துக்கு நிழலும் தர வேண்டும் என்று 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமே எழுதி வைத்தது. பந்தல் போட்ட ஏரி எத்தனை?

இந்தப் பக்கத்து ஊராட்சிகளின் அடுத்த கிராம சபைக்கு நாங்கள் எழுதும் மனுவில் இரண்டு கோரிக்கைகள்: பணித்தளத்தில் நிழற்பந்தல், மாதத்தில் ஒரு நாளாவது பெரணமல்லூருக்கு அரசுத் தோல் மருத்துவர். இன்று தோல் மருத்துவரைப் பார்க்கத் திருவண்ணாமலை போனால் ஒரு நாள் கூலி போகிறது. அதனால்தான் மெடிக்கல் ஷாப் கவுண்டர் மருத்துவமனையாகிறது. மருந்தியல், நர்சிங் படிக்கும் தோழர்கள் ஞாயிற்றுக்கிழமை காலனிக்கு வாருங்கள். வீடுகளில் இருக்கும் ட்யூப்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றில் இருப்பது என்னவென்று அவரவர் கையில் தமிழில் எழுதிக் கொடுங்கள்.