காந்திபுரத்துல இருந்து 25 நிமிசமாம்!

போன மாசம் மட்டும் மூணு போனுங்க. மூணு பேருமே நான் எழுதறதப் படிக்கிற டவுன்காரங்க. "அண்ணா, உங்க ஊர்ப் பக்கம் ஒரு சைட் பாத்து வெச்சிருக்கோம். அமைதியான இடம், குடும்பமா இருக்கறதுக்கு நல்லா இருக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமுங்களா?" மூணு பேருக்கும் "நல்லா விசாரிச்சு வாங்குங்க"ன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். அப்புறம் எனக்கே சங்கடமா இருந்துது. அவங்க யார்கிட்டப் போய் விசாரிப்பாங்க? புரோக்கர்கிட்டத்தான். அதனால எனக்குத் தெரிஞ்சத இங்க எழுதிடறேன். படிச்சுட்டு எங்க ஊர்லயே நாலு பேரு கோவிச்சுக்குவாங்க. அதுல ஒருத்தன் என் பங்காளி, சைட் புரோக்கர்.

மொதல்ல அந்த போர்டு. சத்தி ரோட்டுல கணபதி தாண்டினா அன்னூர் வரைக்கும் வரிசையா நிக்குது. அப்பா, அம்மா, ரெண்டு கொழந்தைக, பின்னாடி பச்சைப் புல்லு. கீழ "காந்திபுரத்திலிருந்து 25 நிமிடம்". எங்க ஊரு கோயில்பாளையத்துக்கும் அங்குட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்ல போனா 25 நிமிசத்துல போகலாம். நான் காலைல எட்டரைக்கு பஸ் ஏறினா, சரவணம்பட்டி சிக்னலத் தாண்டி, கணபதிய தாண்டி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல கால வெக்கறப்ப ஒம்பதே முக்கால் ஆயிருது. இது விசேச நாள் கணக்கு இல்லீங்க, சாதா செவ்வாக்கிழமை கணக்கு. அந்தப் படத்துல சிரிக்கிற கொழந்தை தெனம் ஸ்கூல் வேன்ல எத்தனை நேரம் தூங்கும்னு எந்த போர்டுலயும் போடறதில்ல.

சரி, இத எழுதறதுக்கு எனக்கு யோக்கியதை இருக்கான்னு நீங்க கேக்கலாம். கேக்கோணும். ஏன்னா நானும் வித்தவன்தான்.

2014-ல ஒன்றரை ஏக்கரா குடுத்தேன். மூணு போரு போட்டு மூணும் பொய்யாப் போச்சு, கடன் கழுத்துக்கு வந்துருச்சு, பொண்ணுக்குக் கல்யாணம் வேற. ஒரு ஆள் வந்தாரு. ஏக்கராக் கணக்குல வெல பேசினாரு, சென்ட் கணக்குல வித்தாரு. 150 சென்ட்டுல ரோட்டுக்கு ஒதுக்கினது போக மீதிய மூணு சென்ட், நாலு சென்ட்டா கல்லு நட்டாரு. நான் கிரயம் பண்ணிக் குடுக்கலீங்க, பவர் எழுதிக் குடுத்தேன். அப்ப அதோட அர்த்தம் எனக்கு முழுசாப் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சுது, அங்க சைட் வாங்கின ஒவ்வொருத்தரோட பத்திரத்துலயும் விக்கிறவர்ங்கிற எடத்துல இருக்கறது எம் பேரு. பவர் ஏஜெண்டு பேரு அதுக்குக் கீழதான்.

அப்ரூவல் கேட்டாங்களான்னா, கேட்டாங்க. "பஞ்சாயத்து அப்ரூவல் சார்"னு ஒரு சீல் வெச்ச பேப்பரக் காட்டினாரு. மனைப்பிரிவு போடறதுக்கு நகர் ஊரமைப்பு, அதான் டி.டி.சி.பி., ஒத்துக்காம பஞ்சாயத்துத் தலைவர் தன்னால அனுமதி குடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியாது, வாங்கினவங்களுக்கும் தெரியாது. 2016 செப்டம்பர்ல சென்னை ஐகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனைகளப் பதியக் கூடாதுன்னு தடை போட்டுதுல்ல, அன்னைக்குத்தான் அத்தனை பேருக்கும் வெளங்குச்சு. விக்க முடியல, வீடு கட்ட பிளான் வாங்க முடியல, பேங்க்ல லோன் இல்ல. அந்த ஆளு போனை எடுக்கல. பத்திரத்துல யாரு பேரு இருக்கு? எம் பேரு. ஞாயித்துக்கெழம காலைல நாலு பைக், ஒரு காரு என் வாசல்ல. அதுல ஒரு அம்மா, சிங்காநல்லூர்ல வாடகைக்கு இருந்தவங்க, நகைய வித்து வாங்கினேன்னு அழுதாங்க. நான் என்னத்தச் சொல்றது?

2017-ல வரன்முறைச் சட்டம் வந்துது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிஞ்ச மனைன்னா பணம் கட்டி சரி பண்ணிக்கலாம்னாங்க. கெடுவையும் திரும்பத் திரும்ப நீட்டிச்சாங்க. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாம் கட்டினது அந்த ஆளு இல்ல, நகைய வித்த அம்மா.

இன்னொண்ணு சொல்லோணும், இதச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமா இருக்கு. நோட்டீசுல நடுவுல பார்க்குன்னு பச்சையடிச்சு காட்டியிருந்தாங்க. கோயமுத்தூர்ல ரிசர்வ் சைட்டுன்னு சொல்றமே, அது. 2015-ல அதையும் அஞ்சு சைட்டாப் பிரிச்சு வித்துட்டாரு. அந்த அஞ்சு பத்திரத்துலயும் எம் பேருதான். கொழந்தைக வெளையாடற எடத்த வித்தவன்னு பதிவுத்துறை கம்ப்யூட்டர்ல என் பேரு இருக்குதுங்க.

இப்ப அப்படி இல்ல, ரெரா வந்துருச்சுன்னு சொல்வீங்க. வாஸ்தவம். 500 சதுர மீட்டருக்கு மேலயோ எட்டு மனைக்கு மேலயோ போற லேஅவுட்டுன்னா ரெராவுல பதியாம விளம்பரமே பண்ணக் கூடாது. பெரிய லேஅவுட்டுன்னா ரோடு போக மீதியில 10 சதவீதம் பொது எடத்துக்கு விடோணும், அத உள்ளாட்சிக்குத் தானமா எழுதிக் குடுக்கோணும். நல்ல சட்டம்தான். ஆனா இப்ப வர்றவங்க ரெரா நம்பரயும் டி.டி.சி.பி. நம்பரயும் பாத்ததும் கண்ண மூடிக்கறாங்க. அங்கதான் எனக்குச் சண்டை. அந்த நம்பரு மனை சட்டப்படி இருக்குன்னு சொல்லும். தண்ணி எங்கிருந்து வரும், பெஞ்ச மழை எங்க போகும், கக்கூஸ் தண்ணிய எங்க விடுவீங்க, இதுக்கெல்லாம் அதுல பதில் இல்லீங்க.

தண்ணிய எடுத்துக்கங்க. கோயமுத்தூர்னாலே சிறுவாணின்னு மெட்ராஸ்ல இருந்து வர்றவங்க நெனச்சுக்கறாங்க. சிறுவாணி அணை இருக்கறது கேரளாவுல, பாலக்காடு ஜில்லாவுல. அது டவுனுக்கே பத்தாமத்தான் பில்லூர்ல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு திட்டம் போட்டாங்க. எங்க வீட்டுப் பைப்புல வாரத்துக்கு ஒருக்கா தண்ணி வந்தா பெரிசு. லேஅவுட்டுல "24 மணி நேரத் தண்ணீர்"னு சொல்றது ஒரு போரும் ஒரு டேங்கும். அதுக்குக் கரண்ட் பில்லு யாரு கட்டறதுன்னு, வித்துட்டுப் போனதுக்கப்புறம் சண்டை. அப்புறம் வீட்டுக்கு ஒரு போரு. நான் 900 அடியில தண்ணி பாக்காத காட்டுல, இப்ப 40 அடிக்கு ஒரு போரு, 1200 அடி. என் கெணத்துல தண்ணி எறங்கினதுக்கு நான் யாரக் கேக்கறது? வித்தவனே நானாச்சே.

2024 ஆகஸ்ட்ல அத்திக்கடவு - அவிநாசி திட்டத்தத் தொறந்தாங்க. எங்க அப்பாரு காலத்துல இருந்து கேட்ட தண்ணி. கண்ணுல பாத்தப்ப எனக்குக் கண்ணீரே வந்துருச்சு. அடுத்த மாசமே புரோக்கர் பேச்சு மாறிடுச்சு: "அத்திக்கடவு தண்ணி வந்தாச்சுங்க, இனி போரு போட்டா கையில எட்டற தண்ணி." ஏனுங்க, கணக்கப் பாருங்க. ஒன்றரை டி.எம்.சி., அதுவும் பவானியில காலிங்கராயன் அணைக்கட்டுல மிஞ்சினா எடுக்கற உபரித் தண்ணி. அத மூணு ஜில்லாவுல 1045 கொளம் குட்டைக்கு விடோணும். நெலத்தடித் தண்ணி கொஞ்சம் ஏறட்டும்னு போட்ட திட்டம். அது ஊறி எறங்கறதுக்குள்ள ஆயிரம் போரு போட்டு உறிஞ்சினா மறுபடி பழைய கதைதான்.

அடுத்தது பள்ளம். டவுன்காரங்களுக்குப் பள்ளம்னா குழி. எங்களுக்குப் பள்ளம்னா ஓடை. வருசத்துல பத்து மாசம் காஞ்சு கெடக்கும், வேலிக்காத்தான் மொளைச்சு நிக்கும், பாக்கறவங்களுக்கு வீணாப் போன எடமாத் தெரியும். நான் குடுத்த எடத்துக்குக் கெழக்க ஒரு பள்ளம் போகுது. அந்த ஆளு ரெண்டு டிப்பர் மண்ணக் கொட்டி நெரவி, காம்பவுண்டு செவுரும் எழுப்பிட்டாரு. மூணு வருசம் மழையில்ல, ஒண்ணும் தெரியல. நாலாவது வருசம் ஐப்பசியில அடிச்சுது பாருங்க ஒரு மழை, தண்ணி அதோட பழைய வழியத் தேடி வந்து, கடைசி ரெண்டு வீட்டுக்குள்ள முட்டி ஆழம். மிச்சம் திரும்பி என் சோளக்காட்டுல. அதுக்கு அந்த வீட்டுக்காரரு தாலுக்கா ஆபீஸ்ல மனு குடுத்தாரு, பக்கத்துத் தோட்டத்துத் தண்ணிய எங்க வீட்டுக்குள்ள விடறாங்கன்னு! சிரிக்கிறதா அழுகறதா?

பள்ளத்துக்கு என்ன கதி வரும்னு பாக்கோணும்னா ரொம்ப தூரம் போக வேண்டாம். காந்திபுரத்துல இருந்து ரத்தினபுரிப் பக்கம் நடந்து போனா சங்கனூர் பள்ளம். அதுவும் மழைத்தண்ணி கொண்டு போறதுக்கு இருந்த ஓடைதான். இப்பப் போறவங்க மூக்கப் பொத்திக்கறாங்க. 2011-ல மாநகராட்சிய 105 சதுர கிலோமீட்டர்ல இருந்து 257-ஆ விரிச்சாங்க. வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் உள்ள வந்துச்சு. அப்படி வந்த பக்கமே பல வீதியில இன்னும் பாதாளச் சாக்கடை வேலை முடியல. அதுக்கும் அங்குட்டு இருக்கிற எங்க ஊர்ல உங்க செப்டிக் டேங்க் தண்ணி எங்க போகும்? பள்ளத்துக்குத்தான்.

அப்புறம் அமைதி. அமைதி வேணும்னு வந்தவங்க, சேவல் நாலு மணிக்குக் கூவுதுன்னு சொல்றாங்க. சாணிக்குப்பை நாறுதுங்கறாங்க. மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் போட்டா 100-க்குப் போன். நோம்பி வரி கேட்டுப் போனா "நாங்க இந்த ஊரு இல்லீங்களே"ன்னு பதில். அப்ப எந்த ஊருங்க நீங்க? பகல்ல புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறாங்க, வயசான அம்மாவ உள்ள வெச்சு கேட்டப் பூட்டிட்டு. ஒரு நாள் அந்தப் பாட்டி வழுக்கி விழுந்து கத்தினது, வரப்புல மாடு மேச்சுட்டு இருந்த எம் பொஞ்சாதிக்குத்தான் கேட்டுது. அன்னையில இருந்து அந்த வீட்டுக்கு எங்க பாலுதான் போகுது. அவங்க சேவலப் பத்தியும் ஒண்ணும் சொல்றதில்ல.

டவுனுக்குள்ள வெல தாங்காதுங்களே, சம்பளக்காரன் எங்கதான் போறதுன்னு கேட்டீங்கன்னா, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. வர வேண்டாம்னு நான் சொல்லல. விக்காதடான்னு எங்க ஆளுகளையும் சொல்ல முடியல. தென்னைய வெள்ளை ஈ தின்னுது, ஆளு கெடைக்கறதில்ல, பையனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க தோட்டத்தக் கேக்கறதில்ல, வேலையத்தான் கேக்கறாங்க. எனக்குக் கோவம் என்னன்னா, விக்கிற நாங்களும் வாங்கற நீங்களும் ஒரு தடவ கூட நேர்ல பேசிக்கறதில்ல. நடுவுல இருக்கறவரு ரெண்டு பக்கமும் பேசறாரு. பள்ளம் எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க எங்கிட்டக் கேக்கல, நானும் வாயத் தொறக்கல. காசு வந்தாச் சரின்னு இருந்துட்டேன்.

அதனால சைட் பாக்க வர்றதுன்னா சித்திரையில ஏசி கார்ல வராதீங்க. ஐப்பசி, கார்த்திகையில மழ பெஞ்ச மறுநாள் வாங்க, தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும். வர்றதுக்கு ஒரு தடவ டவுன் பஸ்ஸப் புடிங்க. வில்லங்கத்த ஆன்லைன்லயே பாத்துக்கலாம், ஆனா பதிஞ்சதுதான் அதுல இருக்கும். வி.ஏ.ஓ.கிட்ட கிராம வரைபடத்தக் கேட்டு ஓடையும் வண்டிப்பாதையும் எங்க போகுதுன்னு பாருங்க, புலப்படத்தோட ஒத்துப் பாருங்க. பார்க்குக்குத் தானப் பத்திரம் பதிஞ்சாச்சான்னு நம்பர் கேளுங்க. அப்புறம் டீக்கடையில உக்காந்து, போரு எத்தனை அடிக்குப் போகுதுன்னு பக்கத்துத் தோட்டத்துக்காரன் யாரையாவது கேளுங்க. பவர் ஏஜெண்டு விக்கிறாருன்னா, அந்தப் பவர எழுதிக் குடுத்தவன் வீட்டுக் கதவத் தட்டுங்க. நாங்க கடிக்க மாட்டோம்.

போன் பண்ணின மூணு பேர்ல ஒருத்தரு, பீளமேட்டுல இருக்கிற தம்பி, சம்சாரத்தோட நேர்ல வந்தாரு. இட்டேரி வழியா நடத்திக் கூட்டிட்டுப் போயி பள்ளத்தக் காட்டினேன். அவரு பாத்து வெச்சிருந்த சைட் பள்ளத்த ஒட்டியே இருந்துது. அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் அங்கயே நின்னு பாத்துச்சு. அட்வான்ஸ் ஏற்கெனவே குடுத்துட்டாங்களாம், ஒரு லட்சம். திருப்பிக் கேட்டுப் பாக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னும் போன் வரல.