அறுவை முடிந்த மாட்டுக்குக் கஞ்சி வேண்டாம்!

கேள்வி: ‘‘எங்கள் கலப்பினப் பசுவின் வயிற்றில் இருந்த பிளாஸ்டிக் பைகளை டாக்டர் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார். இரண்டு நாட்களாகின்றன. மாடு எழுந்து நிற்கிறது. ஆனால், அசைபோடவில்லை, சாணியும் கொஞ்சமாகத்தான் போடுகிறது. தெம்புக்கு அரிசிக் கஞ்சி ஊற்றலாமா? வயிறு இளக எண்ணெய் கொடுக்கலாமா?’’

- ஒரு வாசகி, மணப்பாறை.

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டியவை. அவர் கிளம்பிய பிறகு நாம் பார்க்க வேண்டிய பக்குவத்தை மட்டும் சொல்கிறேன்.

மாட்டின் பெருவயிறு ஒரு நொதிக்கும் தொட்டி. அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான் வைக்கோலையும் புல்லையும் செரிக்க வைக்கின்றன. நல்ல நிலையில் அது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை சுருங்கி விரியும். அறுவைக்குப் பிறகு இந்த அசைவு மந்தமாகிவிடும், நுண்ணுயிர்களும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் கஞ்சி, சோறு, மாவு கொடுத்தால் வேகமாகப் புளித்து அமிலமாகும். இருக்கிற அசைவும் நின்று, மாட்டின் உயிருக்கே ஆபத்தாகலாம். மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

என்ன செய்யலாம்?

தண்ணீர்: சுத்தமான, வெதுவெதுப்பான தண்ணீரை எப்போதும் முன்னால் வையுங்கள். தானாகக் குடிக்கட்டும்.

தீவனம்: இளம் பசும்புல், பூஞ்சணம் இல்லாத வைக்கோல். ஒரே நேரத்தில் குவிக்காமல், கைப்பிடி கைப்பிடியாகப் பல தடவை கொடுங்கள். நார்த்தீவனம்தான் அசைபோடத் தூண்டும். அசைபோட்டு, சாணி சீரான பிறகு, மருத்துவரைக் கேட்டு அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

நடை: மருத்துவர் அனுமதித்தால் காலை, மாலை வழுக்காத தரையில் மெதுவாகச் சிறிது தூரம் நடத்துங்கள். படுத்தே கிடக்கவிட வேண்டாம். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடவும் வேண்டாம்.

காயம்: தையல் இடது விலாப்புறத்தில் இருக்கும். காக்கை கொத்தாமல், ஈ மொய்க்காமல் காப்பாற்றுங்கள். படுக்கும் இடம் உலர்ந்திருக்கட்டும். தையல் பிரிக்க சுமார் இரண்டு வாரமாகும்.

ஒரு நோட்டில் தினமும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: எத்தனை முறை சாணி போட்டது, எப்போது அசைபோட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, காய்ச்சல் உண்டா. மருத்துவருக்கு இந்தக் கணக்கு பெரிய உதவி. அசைவு திரும்பத் தாமதமானால், ஆரோக்கியமான மாட்டின் பெருவயிற்று நீரைக் கொடுப்பது போன்ற சிகிச்சைகளை அவர் முடிவு செய்வார்.

ஒரு நாள் முழுக்க சாணி போடாமலிருந்தால், இடது வயிறு மத்தளம்போல உப்பினால், முனகினால், உடல் வெப்பம் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால், தையலில் சீழ் வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

இன்னொன்று: ஊசி மருந்து போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள் வரை வீட்டுக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள்.

மாடு தலையைச் சற்று உயர்த்தி, நிதானமாக அசைபோடத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. காய்கறிக் கழிவைப் பையோடு வீசாமலிருப்பது, மாட்டுக்கு இந்த நிலை மறுபடி வராமலிருக்க நம் வீட்டிலேயே தொடங்க வேண்டிய வைத்தியம்.