அத்தை, ஜன்னல், கொஞ்சம் வெயில்

தை பிறந்ததும் அத்தையின் வீட்டை இடிக்கப்போகிறார்கள். மன்னார்குடி பக்கம், முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. மழை வந்தால் நாலு இடத்தில் குண்டான் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற வீட்டை இடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அங்கே வாழ்வது நானில்லையே! அதனால் வேறொன்று முடிவு செய்தேன். அந்தச் சமையல்கட்டில் அத்தை நிற்பதுபோல ஒரு ஆயில் பெயின்டிங். அதுவும் இளையராஜா பாணியில்.

இசையமைப்பாளர் இல்லை, ஓவியர் இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் கவின் கலைக் கல்லூரிகளில் படித்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. வார இதழில் அவர் படத்தைப் பார்த்து, "இது போட்டோதானே?" என்று வீட்டில் சண்டை போட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். நானும் போட்டிருக்கிறேன்.

அந்த 'போட்டோ மாதிரி'தான் என்னைக் கவிழ்த்தது. போன வருஷம் அவர் பாணி என்று நினைத்து, புடவையின் ஒவ்வொரு கட்டத்தையும், ஒவ்வொரு முடியையும் மூன்று மாதம் வரைந்தேன். கடைசியில் ஜவுளிக்கடை காலண்டர் மாதிரி வந்தது. பிறகு அவர் படங்களைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். நீங்களும் பாருங்கள், நுணுக்கமெல்லாம் மறைந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சமும், அது போய் நிற்கிற இடமும்தான் மிஞ்சும். நான் முடியை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்!

இந்த முறை தூரிகையைத் தொடுவதற்கு முன் திட்டம். தபால் அட்டை அளவில் ஆறு குட்டிப் படங்கள், கறுப்பு, சாம்பல், வெள்ளை மட்டும். முதல் படத்தில் அத்தை நட்டநடுவே, சுற்றிலும் பாத்திரங்கள். கண்காட்சி ஸ்டால் மாதிரி இருந்தது. நாலாவதில் அத்தையை வலது ஓரத்துக்குத் தள்ளி, ஜன்னலைப் படத்துக்கு வெளியே விட்டேன். வெளிச்சம் மட்டும் உள்ளே வருகிறது. அதுதான் என்று மனசு சொன்னது. மிக்ஸியை எடுத்துவிட்டு அம்மியை மட்டும் வைக்கலாமா என்றும் யோசித்தேன். வேண்டாம். அத்தை தினம் சட்னி அரைப்பது மிக்ஸியில்தான்.

அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்னைப் போய் எதுக்குடி வரையறே? நான் கறுப்பா இருக்கறது ஊருக்கே தெரியும். அதைப் படம் வேற போட்டு மாட்டணுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால், மூன்று வரன்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழித்த கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவழியாகச் சம்மதித்து, போட்டோ எடுக்கிற அன்று பட்டுப்புடவையில் வந்து நின்றாள், முகமெல்லாம் பவுடர். நான் ஒன்றும் சொல்லவில்லை, எடுத்தேன். படத்தில் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து தோலின் நிறத்தை மட்டும் கலந்து பார்த்தேன். கறுப்பு ட்யூபைத் திறக்கவே இல்லை. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரீன் நீலமும் சேர்ந்தால் ஒரு ஆழமான, உயிருள்ள கருமை கிடைக்கும். ஜன்னல் வழியாக வானத்தின் வெளிச்சம் பட்டால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் லேசாக நீலம் ஓடும். தாடைக்குக் கீழே சிவப்புச் சிமென்ட் தரையின் நிறம் மேலேறும். இதெல்லாம் கரிய தோலில் எவ்வளவு அழகாகத் தெரிகிறது என்பதை எனக்குக் காட்டியது இளையராஜாவின் படங்கள்தான்.

மறுநாள் அந்த அட்டையை அத்தையிடம் காட்டினேன். "இது எங்கே இருக்கு?" என்றாள். "உங்க கையில, அத்தை." முற்றத்துப் பக்கம் போய் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

படத்தை நிதானமாக முடிக்கலாம். ஆயில் பெயின்ட்டில் அடிப்பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். மேலே போகப்போகத்தான் எண்ணெய் கூடலாம், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிக்கும். ஒவ்வொரு பூச்சும் காயவே நாள் கணக்காகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். ஆனால் வெளிச்சத்தை மட்டும் வீடு நிற்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். சமையல்கட்டு ஜன்னலில் நேர்வெயில் விழுவது காலையில் அரைமணி நேரம்தான். ஐந்து நாளாக அடைமழை.

நேற்று காலை 7 மணிக்கு அத்தையிடமிருந்து போன்.

"மழை விட்டிருக்கு. வெயில் ஜன்னலுக்கு வர்றதுக்குள்ள வந்து சேரு. பவுடர் போடலை."

ஸ்கெட்ச் நோட்டையும் கலர் பெட்டியையும் பையில் திணித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்துவிட்டேன்.